புற்றரையிலே தனித்து நிற்கும் கேதுரு

மரங்களுட் சில கூட்டமாய் நின்றாற் பொலிவு பெறும். சில தனித்து நின்றாலன்றித் தம் வடிவைக் காட்டமாட்டா. கேதுரு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. விவிலியத்தைத் தமிழிற் படித்தோர் இப்பெயரை அறிவர். சாலமோன் மன்னன் எழுப்பிய ஆலயத்துக்கு இலெபனான் மலையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மரம் இதுவே. இமயச் சாரலில் வளரும் தேவதாரு இதற்கு நெருங்கிய இனம். இலங்கையின் வறண்ட காடுகளிலே தேவதாரம் என வழங்கும் சிறு மரமோ பெயரளவில் மட்டுமே உறவுடையது.

இலெபனான் கேதுரு 17ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தை அடைந்தது. இலண்டனிலுள்ள செல்சீ மூலிகைத் தோட்டத்தில் 1683ஆம் ஆண்டில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உயிர்வாழ்ந்தது. பாரிஸ் நகரத்துத் தாவரத் தோட்டத்திலே 1734இல் பெர்னார் த ஜுஸ்யூ என்னும் அறிஞர் ஒரு கன்றை நட்டார். வழியிலே தொட்டி உடைந்துவிட, அதனைத் தம் தொப்பியில் ஏந்தி வந்தார் என்பர். கதை மெய்யோ பொய்யோ, மரம் மெய்யாகவே நிலைத்துவிட்டது.

குளிர்காலத்திலே ஓக்கு முதலிய மரங்கள் இலையுதிர்ந்து வெறுங்கொம்பாய் நிற்கையில், கேதுரு ஒன்றே கரும்பச்சை மாறாது விளங்கும். இளமையிற் கூம்பிய வடிவினதாகிய இம்மரம், பல ஆண்டுகள் சென்றபின் உச்சி தட்டையாகிக் கிளைகளைக் கிடையாக, அடுக்கடுக்காகப் பரப்புகின்றது. அந்த அடுக்குகளுக்காகவே செல்வர் இதனைத் தம் மாளிகைப் புற்றரைகளில் நட்டனர்.

ஆனால், நடும்போதே தவறிழைத்தோர் பலர். முழங்காலளவு கன்றுக்குச் சுவரிலிருந்து பதினைந்து அடி தாராளமாகவே தோன்றும். முதிர்ந்த மரமோ எண்பது, நூறு அடி உயர்ந்து, அகலத்திலும் அதனை நெருங்கக்கூடியது. அப்பொழுது சாளரத்தை மறைக்கும் தாழ்கிளைகளை வெட்டுவர். வெட்டிய முதுகிளை மீண்டும் தழைப்பது அரிது. புற்றரையைத் தொட்டு நிற்கும் அழகும் அத்துடன் போய்விடும். ஆகவே திறந்த வெளியும், நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் உள்ள இடத்தை முதலிலேயே தெரிந்து, கன்று சிறிதாயிருக்கும்போதே நடுதல் வேண்டும். வளர்ந்ததைப் பெயர்த்து நட்டால் அது பிழைப்பது கடினம். ஈரப் பனி மிகுதியாய்ப் படிந்தால் கிடையான கிளைகள் முறிவதும் உண்டு. அதற்கு எவரும் பொறுப்பல்லர்.

விதையெடுக்க விரும்புவோர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. பீப்பாய் வடிவான இதன் கூம்புக்காய், கிளையின்மேல் நிமிர்ந்து அமர்ந்திருந்து, முதிர ஓராண்டுக்கு மேல் எடுக்கும். முதிர்ந்தபின் மரத்திலேயே செதில் செதிலாகக் கழன்றுவிடும். முழுக்காய் வேண்டுவோர் அதற்கு முன்னரே மேலேறிப் பறித்துக்கொள்வர்.