மூன்று வட்டம் போட்ட போல்ட்

பழைய கார்கள் – 6

றக்வானையில் பெய்கிற மழைக்கு எந்தப் பழைய காரின் அடிப்பாகமும் துருவுக்குத் தப்பாது. மொரிஸ் மைனரில் கழற்றிய போல்ட்டை மண்ணெண்ணெய்யில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தலையைத் தேய்த்துப் பாருங்கள். ஒன்றையொன்று தொட்டபடி மூன்று சிறு வட்டங்கள் தெரிந்தாலோ, தலையின் நடுவில் வட்டமாகப் பள்ளம் இருந்தாலோ, அது யூனிஃபைட் மரை. கடையில் யூ.என்.எஃப். என்று கேட்க வேண்டியது இதன் நுண் மரையைத்தான்.

இந்த அடையாளம் வந்ததற்குக் காரணம் போர். விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1841இல் வகுத்த 55 பாகைக் கோண மரையில்தான் பிரிட்டன் இயங்கியது. அமெரிக்க மரையோ 60 பாகை. இரண்டாம் உலகப்போரில் ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948இல் 60 பாகைக்கு உடன்பட்டன. மைனர் வெளிவந்ததும் அதே ஆண்டு. பிரிட்டிஷ் கார்த் தொழில் ஒரே நாளில் மாறிவிடவில்லை. தோட்டத்துத் துரைமார் ஓட்டிய ஆரம்பகால லேண்ட்ரோவர்களில் பெரும்பாலும் பழைய பி.எஸ்.எஃப். எனும் 55 பாகை நுண் மரைதான். ஆகவே வண்டியின் ஆண்டு தெரியாமல் நட்டு வாங்கக் கிளம்பக் கூடாது.

ஆபத்து எங்கே என்றால், அளவுகள் அவ்வளவு நெருக்கம். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; கண்ணுக்கு அது 8 மி.மீ. போல்ட்டேதான். அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணினால்தான் குட்டு வெளிப்படும்: பி.எஸ்.எஃப். 22, யூ.என்.எஃப். 24, இன்றைய சாதாரண 8 மி.மீ. போல்ட்டில் ஏறக்குறைய 20. தவறான போல்ட்டும் முதல் ஓரிரு சுற்று கையாலேயே ஏறும். பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பெனரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் என்ஜின் புளொக்கின் மரை போய்விடும். பத்து ரூபாய்ச் சாமானால் புளொக்கே லேத்துக்குப் போகும். அனுபவமுள்ள பாஸ்மார் பையன்களுக்குச் சொல்வது இதுதான்: "தம்பி, கடைசி வரைக்கும் விரலாலேயே ஏறணும். ஏறலைன்னா கழட்டு."

ஸ்பெனரை நம்பியும் முடிவுக்கு வர முடியாது. பழைய விட்வொர்த் ஸ்பெனரில் 1/2 என்றிருந்தால் அது போல்ட்டின் விட்டம். அதன் வாய் ஏறக்குறைய 23 மி.மீ. பிற்கால ஏ.எஃப். ஸ்பெனரில் அதே 1/2 வாயின் அகலம், 12.7 மி.மீ. எம்.ஜி. டி.டி. கார் வைத்திருப்பவர் பாடு இன்னும் சிக்கல். அதன் என்ஜின் மொரிஸின் தயாரிப்பு. ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கவன்ட்ரி என்ஜின் தொழிற்சாலையை மொரிஸ் நிறுவனர் 1923இல் வாங்கினார். இயந்திரங்கள் மெட்ரிக், அவற்றை மாற்றவில்லை. அதனால் அந்த என்ஜின்களில் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த். அவற்றின் 8 மி.மீ. போல்ட்டுக்கு மரை இடைவெளி 1 மி.மீ. இன்றைய கடையில் கிடைப்பது 1.25.

இனி வாங்கும் கதை. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை மாட்டித்தான் நம் கார்கள் ஓடின. ஒரே வண்டியில் மூன்று விதமான போல்ட் இருப்பது இங்கே சாதாரணம். அதனால் போல்ட்டை மட்டும் மாதிரியாகக் கொண்டுபோனால் போதாது. அதைக்கூட முன்பு யாரோ மாற்றியிருக்கலாம். எந்தப் பாகத்தில் இருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். முடிந்தால் அது ஏறும் பாகத்தையே கழற்றி எடுத்துக்கொண்டு பெல்மடுளை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கு பஸ் ஏறுங்கள். பஞ்சிகாவத்தையில் கடைக்காரர் முன்னாலேயே விரலால் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் பழைய போல்ட், பலம் தெரியாத போல்ட் எதையும் மாட்டாதீர்கள். அங்கே போவது உயிர்.

மைனர்காரர்கள் மனம் தளர வேண்டாம். இங்கிலாந்தின் பாத் நகரில் அப்போது இருந்த மொரிஸ் மைனர் நிலையத்துக்காக 1990களில் இலங்கையிலேயே மைனர் பாகங்கள் செய்து அனுப்பினார்கள். அந்தக் கைத்திறன் இந்த நாட்டில் இருக்கிறது. நல்ல லேத்காரரிடம் விட்டம், மரை எண்ணிக்கை, பாகை மூன்றையும் எழுதிக் கொடுத்தால் கிடைக்காத ஸ்டட்டையும் கடைந்து தருவார்.

அடுத்த வாரம்: மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன், அதற்குக் கிரீஸ் அடிக்கும் முறை.