தாயின் பிரமாணமே போதும்

திருக்கடையூர்ச் சந்நிதியில் அறுபதும் எண்பதும் நிறைந்த தம்பதிகள் நாள்தோறும் மாலை மாற்றிக்கொள்கின்றனர். பிறந்த நட்சத்திரத்தையும் தமிழ் வருஷத்தையும் தடையின்றிச் சொல்லும் அம்முதியோருள் சிலர், பிறப்புச் சான்று கேட்டால் விழிப்பர். அவர்கள் காலத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. இன்றைய குழந்தைக்குப் போதாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அச்சான்று ஒன்றே ஆதாரம்.

தந்தையின் பெயரைச் சொல்லவியலாத தாய் என்செய்வாள்? தில்லியில் நடந்த வழக்கொன்றை அங்கத்தினர்கள் அறிதல் நலம். மணமாகாத ஒரு மாது 2010-இல் ஆண்மகவைப் பெற்றார். தம் சம்பாத்தியத்திலேயே வளர்த்தார். தம் சேமிப்புக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மகனை நியமிக்க விரும்பினார். சங்கப் பங்குத் தொகைக்கு நாம் எழுதிக்கொடுக்கும் நியமனம் போன்றதே இதுவும். தந்தையின் பெயரைத் தருக, அன்றேல் கார்டியன் என்பதற்குக் கோர்ட்டுச் சான்று தருக என்று கேட்கப்பட்டது. 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி மனுச் செய்தார். தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்றனர். அவரோ வேறு குடும்பம் உடையவர். பெயரை வெளியிட மாது இசையவில்லை. 2011-இல் கீழ்க்கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் தோல்வியே கண்டார்.

2015 ஜூலை 6 அன்று சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் விக்ரம்ஜித் சென், அபய் மனோகர் சப்ரே ஆகியோர் அத்தீர்ப்புகளை மாற்றினர். தந்தைக்கு நோட்டீஸ் இன்றியே மனுவை விசாரிக்கப் பணித்தனர். குழந்தைக்கு ஐந்து வயது நெருங்கியும் பிறப்புச் சான்று பெறப்படாதது அவர்களைப் பெரிதும் கலங்கச் செய்தது. ஆதலின், தனித்த தாயொருத்தி தன் வயிற்றிற் பிறந்த குழந்தைக்குச் சான்று கோரினால், அதற்கான பிரமாணப் பத்திரம் ஒன்றை மட்டுமே கேட்கலாம்; வேறு கோர்ட்டு உத்தரவு குறுக்கிட்டாலன்றிச் சான்று தந்தே ஆகவேண்டும் என விதித்தனர். பெற்றவள் யாரென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. இதைச் சொல்ல சுப்ரீம் கோர்ட்டு வேண்டியிருந்ததே!

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. பெயர் சூட்டும் வரை காத்திருக்கவும் வேண்டா. ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஓராண்டு கடந்துவிடின் கலெக்டர், ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். அவை அப்போது கைகொடுக்கும்.

தந்தை பெயருக்குரிய இடம் வெறுமையாயிருப்பதால் எந்தத் தாயேனும் திருப்பியனுப்பப்படின், மேற்சொன்ன தீர்ப்பின் தேதியைக் குறித்துக்கொண்டு மீண்டும் போகட்டும்.