தீவிலிருந்து பார்த்தால் என்-கேஜ்

வீடியோ கேம் கருவிகளின் தோல்விகளைப் பட்டியலிடுகிறவர்கள் நோக்கியாவின் என்-கேஜை விட்டுவைப்பதே இல்லை. 2003 அக்டோபர் 7 அன்று உலகச் சந்தைக்கு வந்த இந்தக் கருவி, செல்போனையும் கையடக்க கேம் கருவியையும் ஒன்றாக்கப் பார்த்தது. அமெரிக்காவில் விலை 299 டாலர். வெளியான 17 நாட்களுக்குள்ளேயே அங்குள்ள பெரிய கேம் கடைகள் 100 டாலர் தள்ளுபடி அறிவித்தன. 60 லட்சம் விற்கும் என்று நோக்கியா எதிர்பார்த்தது. விற்றது சுமார் 30 லட்சம். இந்தியாவுக்கும் வந்தது, இங்கும் பெரிதாக எடுபடவில்லை. கணக்குப்படி இது தோல்விதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களின் கடைத்தெருக்களில். சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் தொலைவில் இருக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நின்று அதே கருவியை எடைபோட்டால், அது எடுத்த அடிப்படை முடிவுகள் சரியானவை என்பது விளங்கும். அதற்குப் பிறகு வந்த கேம் உலகம் கைவிட்டதும் அந்த முடிவுகளைத்தான்.

குறைகளை முதலில் சொல்லிவிடுவது நியாயம். கார்டை மாற்றிப் புது கேம் போட வேண்டுமானால் கருவியை அணைத்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்ற வேண்டும். போன் பேசுவதற்கு அதன் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் உலகமே கேலி செய்தது. திரை அகலமாக இல்லாமல் நெட்டுக்குத்தாக இருந்ததால் பந்தயக் கார் விளையாட்டுகளில் சாலையின் இரு ஓரமும் தெரியாது. அதே சமயம் நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி. 100 டாலருக்குக் கிடைத்தது. 2004-இல் வந்த என்-கேஜ் க்யூ.டி. இவற்றில் பலவற்றைச் சரிசெய்தது. கார்டு வெளிப்பக்கத்திலேயே செருகும்படி வந்தது, போனும் வழக்கம்போல் பேசும்படி ஆனது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டிருந்தது.

இந்தக் குறைகள் எல்லாம் உடம்பைப் பற்றியவை. உள்ளே இருந்த யோசனை வேறு. கேம் முழுவதும் ஒரு சின்ன மெமரி கார்டில் இருந்தது. வாங்கிய பிறகு எந்த சர்வரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவரோடு சேர்ந்து விளையாட புளூடூத் போதும். டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், இரண்டு கருவிகளை இணைக்கும் வயரும் வேண்டாம். நின்டெண்டோ டி.எஸ்.ஸும் சோனி பி.எஸ்.பி.யும் வயரில்லாமல் சேர்ந்து விளையாடும் வசதியோடு வருவதற்கு ஓராண்டு முன்பே இது நடந்தது. 2005-இல் வெளியான ‘ஸ்நேக்ஸ்’ என்ற கேம் இன்னும் ஒரு படி போனது. அது இலவசம், ஒரு என்-கேஜிலிருந்து இன்னொன்றுக்கு புளூடூத்திலேயே அனுப்பிவிடலாம். பேட்டரியையும் குறிப்பிட வேண்டும். முதல் என்-கேஜில் இருந்தது பி.எல்.-5சி. நம் ஊர்களில் சாதாரண நோக்கியா போனுக்கும், பிற்பாடு சின்ன ரேடியோக்களுக்கும் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்ட அதே பேட்டரி. பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களால் மின்சாரம் பெறும் தீவுகளில், உபரியாக ஒரு பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முடிவது சிறிய வசதியல்ல.

அந்தமானின் இணைய நிலைமையை நினைத்தால்தான் இதன் அருமை முழுதாகப் புரியும். 2020 ஆகஸ்ட் வரை இந்தத் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. அந்தச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் சிக்னல் மேலே போய்க் கீழே வருவதற்குக் கால் நொடி, பதில் அதே வழியில் திரும்புவதற்கு இன்னொரு கால் நொடி. ஒளியின் வேகத்தைக் கூட்ட யாராலும் முடியாது என்பதால் இந்த அரை நொடியைப் பணம் கொடுத்தும் குறைக்க முடியாது. துப்பாக்கிச் சண்டை கேமில் அரை நொடி என்பது செத்துப்போவதற்குத் தாராளமான நேரம். ஆக, நெட் வழியாக மட்டுமே ஆடக்கூடிய கேம்கள் உலகை ஆண்ட ஆண்டுகளில் தீவுகளின் பிள்ளைகள் தொடக்கத்திலேயே பின்தங்கித்தான் ஆடினார்கள். தீவுக்குத் தீவு போகும் கப்பலையும் எண்ணிப் பாருங்கள். போர்ட் பிளேரிலிருந்து, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, கேம்பல் பே சுமார் 540 கிலோமீட்டர். நடுக்கடலில் டவர் ஏது? பங்க் படுக்கையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவருக்கு புளூடூத் மட்டும் எப்போதும் இருக்கும்.

என்-கேஜின் சொந்தக் கேம்களே இந்த வாதத்துக்குச் சாட்சி சொல்கின்றன. சேகா 2004-இல் அதற்காக வெளியிட்ட ‘பாக்கெட் கிங்டம்’, செல்போன் இணைப்பு வழியே உலகம் முழுதும் உள்ளவர்களோடு ஆடுவதற்கென்று எழுதப்பட்டது. அன்றைக்கு அது பெரிய துணிச்சல். சர்வர் நின்றதும் அந்த உலகமும் நின்றது. அதே ஆண்டில் பின்லாந்தின் ரெட்லிங்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘பாத்வே டு குளோரி’ என்ற போர் உத்தி கேமை நெட்டிலும் ஆடலாம், புளூடூத்திலும் ஆடலாம், ஒரே கருவியைக் கைமாற்றி முறைவைத்தும் ஆடலாம். கார்டும் கருவியும் உயிரோடு இருக்கும்வரை கடைசி இரண்டு வழிகளை யாரும் மூட முடியாது. 2008-இல் நோக்கியா என்-கேஜ் பெயரைத் தூசு தட்டித் தன் போன்களில் நெட் வழி விற்பனைச் சேவையாக்கியது. 2010-இல் அதுவும் முடிந்தது. இந்தியா போன்ற நாடுகளைக் குறிவைத்து உருவாக்கப்பட்ட ஜீபோ என்ற கருவியின் கதையும் இதுதான். கேம்களை 3ஜி வழியே மட்டுமே விற்ற அது 2009-இல் பிரேசிலில் தொடங்கி, 2011-இல் மூடப்பட்டது. இந்தியாவை எட்டவே இல்லை.

இப்போதுதான் கேபிள் வந்துவிட்டதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். தீவு மக்களின் வாழ்க்கையை அது மாற்றியது உண்மை. அதைக் குறைத்துப் பேசுவது தவறு. ஆனால் கேபிள் கரையேறுவது போர்ட் பிளேரிலும் ஏழு தீவுகளிலும்தான். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால் அந்தப் பட்டியலில் இல்லை. தெரேசாவும் சௌராவும் இல்லை. கேபிள் வந்து மூன்றே வாரத்தில், செப்டம்பர் 2 அன்று, மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. தடைக்கான பாதுகாப்புக் காரணங்களுக்குள் இங்கே போக வேண்டாம். சர்வரை நம்பிய கேம் எவ்வளவு நல்ல இணைப்பு இருந்தாலும் ஒரே நாளில் இல்லாமல் போகலாம் என்பதே இங்கு முக்கியம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நெட் இல்லாமல் விளையாட விரும்புகிறவர்கள் சிலரே, அவர்களுக்காக எந்த நிறுவனம் உழைக்கும் என்பது. இதற்கு இந்தியாவே பதில் சொல்லியிருக்கிறது. 2015, 2016 வாக்கில் நம் கல்லூரி விடுதிகளைப் பிடித்து ஆட்டிய ‘மினி மிலிஷியா’, ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் டேட்டா செலவில்லாமல் சேர்ந்து ஆடும் கேம். மும்பைப் பக்கத்து நிறுவனம் உருவாக்கிய ‘லூடோ கிங்’கில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து நெட் இல்லாமலே காய் நகர்த்தலாம். என்-கேஜ் தேடிய ஆட்டக்காரர்கள் இங்கே கோடிக்கணக்கில் இருந்தார்கள். 299 டாலர் விலையில் அந்தக் கருவிதான் அவர்களை எட்டவில்லை. இன்று அவர்கள் கையிலுள்ள மலிவான போனின் வேகத்துக்கு முன்னால் என்-கேஜின் 104 மெகாஹெர்ட்ஸ் ஒன்றுமே இல்லை. புளூடூத்தும் அதில் இருக்கிறது, பல போன்களில் மெமரி கார்டு போடும் இடமும் இருக்கிறது. நம் நாட்டில் கேம் எழுதும் நிறுவனங்கள் நெட் இல்லாத ஆட்டத்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து எழுதினால், கேம்பல் பே கப்பலில் ஏறும் பயணிக்கு வேறெந்தக் கருவியும் வாங்க வேண்டியிருக்காது.