கீற்றுப் பந்தல்

சித்திரை, வைகாசியில் கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் போடும் பந்தலை வெறும் அலங்காரமாகப் பார்ப்பது தவறு. முதலில் அது வெயிலைத் தாங்கும் கருவி. சித்தையன்கோட்டை, ஆத்தூர் பக்கத்துத் தோப்புகளின் தென்னை மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நடுவே இரண்டாகக் கிழித்து, ஓலைகளை மாற்றி மாற்றிப் பின்னினால் கீற்று. ஊறாத ஓலை மடக்கும்போதே ஒடிந்துவிடும். கீற்றின் வழியே வெப்பம் எளிதில் இறங்காது. சூடேறி மேலெழும் காற்று பின்னலின் இடுக்குகளில் வெளியேறிவிடும். தகரக் கூரையோ தானும் காய்ந்து, கீழே உட்கார்ந்திருப்பவர் தலையிலும் அனலைக் கொட்டும்.

கீற்று தீப்பிடிக்குமே என்பார்கள். உண்மைதான், மழுப்ப இடமில்லை. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் யாகசாலைப் பந்தல் எரிந்தது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டப மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டு, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் ஸ்ரீரங்கத்தில் கீற்று மட்டும் குற்றவாளி அல்ல. மின்கம்பியும் மாடியும் குறுகிய வழியும் சேர்ந்தே உயிர்களைக் குடித்தன. தரையில், நாலு பக்கமும் திறந்த பந்தலில் ஓட வழியுண்டு. சாமியானாத் துணியும் எரியக்கூடியதே. கீற்றின் குளிர்ச்சி மட்டும் அதில் கிடையாது. கீற்று முடைய ஆள் கிடைப்பதில்லை என்ற வாதத்துக்குத்தான் சுலபமான பதில் இல்லை.

எந்தக் கீற்றுப் பந்தலடியிலும் புகைபிடிக்கவோ சூடம் ஏற்றவோ வேண்டாம்.