வாசிப்பு ஒரு மாதத்து விழாவன்று

புளியந்தீவில் 1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடக்கிய கல்விப்பணியின் வழிவந்தது மெதடிஸ்த மத்திய கல்லூரி. இத்தீவின் புனித மைக்கேல் கல்லூரியில் பயின்றவர் சுவாமி விபுலாநந்தர். இத்தகைய கல்விப் பாரம்பரியம் கொண்ட மண்ணிலும், தமிழ், முஸ்லிம் பெற்றோர் பலர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்குதலால் கதைநூல் வாசிப்பை நேர விரயமாகவே கருதுகின்றனர்.

ஆண்டுதோறும் ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடப்படுகின்றது. விழா முடிந்ததும் நூல்கள் மீண்டும் அலுமாரியில் பூட்டப்படுமாயின் பயன் யாது? ஆரம்பப் பிரிவு ஆசிரியர் நாள்தோறும் பத்து நிமிடமேனும் ஒரு கதையை உரக்க வாசித்துக் காட்டவேண்டும். அதன்பின் வினாவும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். விரும்பிய நூலைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். கிழிந்த நூலை ஒட்டிவிடலாம். இளவயதில் அணைந்த ஆர்வத்தை மீட்பது அரிது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.