உலைக்குப் போகாத குதிரை

ஏலமலைத் தொடரின் கிழக்கு அடிவாரத்தில், போடிநாயக்கனூர் வட்டாரத்தில் அமைந்த ராசிங்காபுரம் போன்ற ஊர்களில் புலால் உண்பது இயல்பான வழக்கம். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பொங்கலிடுவதும், வெட்டிய கறியைப் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் பகிர்ந்து சமைப்பதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் கூட்டம் நிற்பதும் அப்பகுதி வாழ்க்கையோடு கலந்தவை. ஆடும் கோழியும் பெரும்பாலோர்க்குப் பொதுவானவை. மாடு, பன்றி ஆகியவற்றை உண்போரும் தொடாதோரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். எதை யார் உண்ணலாம் என்பது சாதி, சமயம், குடும்ப வழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. இந்தக் கணக்குக்குள் வராமலே நிற்கும் விலங்கு குதிரை. அதன் இறைச்சியை உண்ணலாமா கூடாதா என்று எவரும் வாதிடுவதில்லை, கேள்வியே எழுவதில்லை.

இத்தனைக்கும் குதிரை அந்த மலைச்சரிவுக்குப் புதிய விலங்கன்று. வாகனச் சாலைகள் வருவதற்கு முன்பு மலைத்தோட்டங்களுக்கு அரிசியும் உப்பும் ஏறியதும், ஏலக்காய் மூட்டைகள் இறங்கியதும் தலைச்சுமையாகவும் பொதிவிலங்குகளின் முதுகிலுமே நிகழ்ந்தன. இன்று ஏலக்காய் லாரியிலும் ஜீப்பிலும் போடியின் ஏல மையத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது என்றாலும், சாலை எட்டாத மலைக்கிராமங்களுக்குச் சாமான் கொண்டுபோக மட்டக்குதிரைகளும், ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கலப்பு விலங்காகிய கோவேறு கழுதைகளும் தேவைப்படுகின்றன. தேர்தல் காலங்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் போடி மலைக்கிராமங்களுக்குக் குதிரைமேல் ஏற்றிச் செல்லப்படுவது செய்தித்தாள் வாசகர்கள் நன்கறிந்த காட்சி. வழுக்கும் பாறையிலும் மழைக்காலச் சேற்றிலும் தடம் தவறாமல் நடக்கப் பழகிய விலங்கு அதை வைத்திருப்பவரின் வருமானமாகவும் துணையாகவும் விளங்குவதால், அதைக் கறியாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் அங்கு உருவாக இடமே இல்லை.

பொருளியல் நோக்கில் இதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. ஆடு, மாடு, எருமை ஆகியவை அசைபோடும் விலங்குகள். தின்ற புல்லை நான்கு அறைகள் கொண்ட இரைப்பையில் நுண்ணுயிர்களின் துணையோடு நொதிக்கச் செய்து, மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மென்று, அதிலுள்ள சத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்பவை. குதிரை அசைபோடுவதில்லை, அதன் நொதித்தல் குடலின் பின்பகுதியில் நடைபெறுவதால், அதே அளவு உடலைப் பேண அது கூடுதலான தீவனத்தைத் தின்ன வேண்டியுள்ளது. அமெரிக்க மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ், உணவு விலக்குகளைப் பற்றி 1985-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை முன்வைத்து, புல்லை இறைச்சியாக மாற்றுவதில் மாட்டைவிடக் குதிரை பின்தங்கியது என்றும், போரிலும் உழைப்பிலும் அதன் மதிப்பு மிகுதி என்றும், இவ்விரண்டும் சேர்ந்தே அதைத் தட்டிலிருந்து விலக்கி வைத்தன என்றும் வாதிட்டார். தீவனக் கணக்கால் அனைத்தையும் விளக்கிவிட முடியாது என்றபோதிலும், தமிழகத்தைப் பொறுத்தவரை இந்த விளக்கம் பெரிதும் பொருந்துகிறது.

தமிழகத்தின் வெப்பமும் ஈரப்பதமும் குதிரை வளர்ப்புக்கு ஏற்றவையல்ல. பரந்த புல்வெளிகளும் இங்கில்லை. சங்க இலக்கியத்தில் மான், முயல், உடும்பு, பன்றி, ஆமை என்று உணவாகும் உயிரினங்கள் பலவாகப் பேசப்படும்போது, குதிரை போருக்கும் தேருக்கும் உரியதாகவே வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை ஓர்முசு முதலிய துறைமுகங்களிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், இங்குள்ளோர்க்குப் பேணத் தெரியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் இறந்துபட்டதையும் எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு அனுப்பப்பட ஒப்பந்தம் இருந்ததையும், ஒரு குதிரைக்கு 220 பொற்காசு என்று விலை வைக்கப்பட்டு, கப்பலில் வழியிலேயே இறந்த குதிரைக்கும் அந்த விலை கொடுக்கப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பாண்டியனின் பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்ட அமைச்சர் மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளாக்கப்பட்ட திருவிளையாடற் கதை, அரசின் கருவூலத்தில் குதிரை எவ்வளவு பெரிய செலவினமாக இருந்தது என்பதை அறியாமல் முழுமையாகப் புரிவதில்லை. அவ்வளவு விலையுள்ள விலங்கு எளியவர் கைக்கு எட்டவேயில்லை. எட்டாத ஒன்றிலிருந்து ஊர்ச் சமையல் பிறக்க முடியாது.

அரசனின் ஊர்தியாக இருந்த குதிரை, ஊரெல்லையில் காவல் தெய்வத்தின் ஊர்தியும் ஆயிற்று. அய்யனார் இரவில் குதிரையேறி ஊரை வலம்வந்து காக்கிறார் என்ற நம்பிக்கையின் பேரில், வேளார் எனப்படும் குயவர்கள் சுட்ட மண்ணில் குதிரை செய்து கொடுக்க, ஊரார் அதைச் சுமந்து சென்று கோயிலில் நிறுத்தும் புரவியெடுப்புத் திருவிழா சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் இன்றும் நடைபெறுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் நிற்கும் குதிரைச் சிலை 33 அடி உயரமுடையது. மாசிமகத்தின்போது மக்கள் அதற்குக் காகிதப்பூ மாலைகளைக் குவிக்கின்றனர். இவ்வழிபாட்டில் கவனிக்கத்தக்க ஒரு பிரிவினை உள்ளது. அய்யனாரைச் சூழ்ந்த கருப்பு முதலிய துணைத் தெய்வங்களுக்கு ஆடும் சேவலும் உயிரோடு கொண்டுவரப்பட்டு வெட்டப்படுகின்றன, பின் அடியார்களின் உணவாகின்றன. குதிரையோ மண்ணாலேயே படைக்கப்படுகிறது, வெட்டப்படுவதில்லை, உண்ணப்படுவதுமில்லை. பலிக்கு உரியது எது, ஊர்திக்கு உரியது எது என்பதை எந்த நூலும் சொல்லாமலே ஊர் வழக்கம் வகுத்து வைத்திருக்கிறது.

நூல்களை மட்டும் பார்த்தால் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை என்பதே உண்மை. அசுவமேதம் எனப்படும் வேத கால வேள்வியில் குதிரை பலியிடப்பட்டது. ரிக் வேதத்தின் முதல் மண்டலத்திலுள்ள 162-ஆம் சூக்தம் அக்குதிரையின் இறைச்சி சமைக்கப்படுவதையும் அதில் பங்கு வேண்டி நிற்போரையும் பேசுகிறது. யூதர்களின் திருநூல், குளம்பு பிளந்து அசைபோடும் விலங்குகளையே உண்ணலாம் என்பதால், குதிரை அவர்களுக்கு விலக்காகிறது. இசுலாமியச் சட்ட மரபுகளுள் ஷாஃபி, ஹன்பலி ஆகியவை குதிரை இறைச்சியை அனுமதிக்க, ஹனஃபி மரபின் முதல்வரான இமாம் அபூ ஹனீஃபா அதை விரும்பத்தகாததாகக் கருதினார். கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரங்களில் மிகுதியாக வாழும் ராவுத்தர்கள் ஹனஃபி மரபினர். குதிரை வணிகத்தோடும் குதிரைப்படையோடும் அவர்களது முன்னோர் வரலாறு பிணைந்திருக்கிறது. கடற்கரையோர மரக்காயர்கள் அனுமதி தரும் ஷாஃபி மரபைச் சார்ந்தவர்களாயினும், அவர்கள் வீட்டு விருந்திலும் குதிரைக்கறி இடம்பெறுவதில்லை. சட்டம் அனுமதித்த இடத்திலும் வழக்கமே வென்றிருக்கிறது.

வழக்கத்தின் வலிமை உயிர் போகும் நெருக்கடியிலும் தளராது நிற்கும் என்பதற்கு முதல் உலகப் போரின் கூத் முற்றுகையைக் காட்டிலும் தெளிவான இந்தியச் சான்று இல்லை. இன்றைய ஈராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரையிலுள்ள கூத் நகரில், தளபதி டவுன்ஷெண்டின் தலைமையிலிருந்த பிரித்தானிய இந்தியப் படையை 1915 டிசம்பர் 7 முதல் துருக்கியர் சூழ்ந்துகொண்டனர். உணவு குறைந்தபோது படையின் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வெட்டப்பட்டன. பிரித்தானியச் சிப்பாய்கள் அவ்விறைச்சியை உண்டனர்; இந்தியச் சிப்பாய்களுள் பெரும்பாலோர், இந்துக்களும் முசுலிம்களும் சீக்கியரும், பல வாரங்கள் அதைத் தொடவே மறுத்தனர். இந்தியாவிலிருந்த சமயத் தலைவர்களிடம் அனுமதி பெற்றுக் கம்பியில்லாத் தந்தியில் வரவழைத்துப் படித்துக் காட்டியும் பயன் சிறிதளவே இருந்தது. சிப்பாய்களின் அச்சம் மறுமையைப் பற்றியது மட்டுமன்று. ஊர் திரும்பியபின் தம் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ எவரும் வரமாட்டார்கள் என்பதே அவர்கள் பலரை வாட்டியது. தந்தியில் வந்த அனுமதி தொலைவிலிருந்த ஓர் அறிஞரின் சொல். ஊர்க்காரரின் வாய் அவர்கள் வாழ்நாள் முழுவதும் எதிர்கொள்ள வேண்டியது.

அந்த மறுப்பு அவர்கள் உடலில் எழுதிய விளைவைப் படை மருத்துவர்கள் குறித்து வைத்தனர். புத்திறைச்சியில் சிறிதளவேனும் உள்ள வைட்டமின் சி கிடைக்காமையால் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் இந்தியச் சிப்பாய்களிடையே பரவியது. குதிரைக்கறி உண்ட பிரித்தானியர் அதிலிருந்து பெரும்பாலும் தப்பினர். ஆனால் தவிடு நீக்கிய வெள்ளை மாவு ரொட்டியை உண்ட பிரித்தானியரைத் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி தாக்கியபோது, கோதுமையின் தவிட்டோடு அரைத்த ஆட்டாவை உண்ட இந்தியர் அந்நோய்க்கு ஆளாகவில்லை. ஒரே நகருக்குள் அடைபட்ட இரு பிரிவினர் தத்தம் உணவு வழக்கத்துக்கேற்ப வெவ்வேறு நோயால் வீழ்ந்த இந்நிகழ்வு, உணவூட்டவியல் வரலாற்றில் நிலைத்த எடுத்துக்காட்டாயிற்று. ஏப்ரலில் பட்டினி முற்றியபோது இந்தியர் பலரும் குதிரைக்கறியை ஏற்றனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1916 ஏப்ரல் 29-இல் சுமார் 13,000 பேர் சரணடைந்தனர், அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் சிறைநடையிலும் முகாம்களிலும் மாண்டனர். படை மேலும் தாக்குப்பிடிக்காததற்கு இந்தியச் சிப்பாய்களின் பிடிவாதத்தைப் பழித்த அதிகாரிகளின் குரல் நியாயமற்றது. அந்தச் சிப்பாய்கள் காத்துக்கொள்ள முயன்றது உயிரினும் நீண்ட ஒன்றை, ஊரில் தம் குடும்பம் நிற்கும் இடத்தை.

குதிரையை நேசிப்போர் அதை உண்ணமாட்டார்கள் என்ற முடிவுக்கு இதிலிருந்து வந்துவிடலாகாது. கசாக்கிய மக்கள் உலகின் தேர்ந்த குதிரை வீரர்களுள் அடங்குவர். குதிரையைப் பாடலிலும் பழமொழியிலும் போற்றுபவர்கள். அவர்களே விலாக்கறியையும் கொழுப்பையும் குடலில் அடைத்துச் செய்யும் கசியை விருந்தின் தலைமை உணவாக வைக்கிறார்கள், பெண்குதிரையின் பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் எனக் குடிக்கிறார்கள். அவர்களது நிலவியல் இதை விளக்குகிறது. பனி மூடிய புல்வெளியில் குளம்பால் பனியைத் தோண்டிப் புல் தேடிக்கொள்ள வல்லது குதிரை; ஆடும் மாடும் அதன் பின்னால் சென்று மிச்சத்தை மேய்கின்றன. அங்குக் குதிரையே நம்பத்தக்க இறைச்சி. உழைப்புக்கு உரியவை தனியாகவும் உணவுக்கு உரியவை தனியாகவும் பிரிக்கப்படுகின்றன. மருத்துவம் பயில மத்திய ஆசியாவுக்குச் செல்லும் தமிழ் மாணவர்கள் சந்தையில் குதிரைக்கறிக் கடையைக் கண்டு திகைப்பது இயல்பே. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எண்ணுவது மட்டும் பிழை.

ஐரோப்பா இரு மனத்தோடு வாழ்கிறது. 732-இல் போப் மூன்றாம் கிரகோரி, பழைய தெய்வ வழிபாட்டோடு தொடர்புடையதாகக் கருதிக் குதிரைக்கறியைத் தடைசெய்தார். 1866-இல் பாரிசில் குதிரை இறைச்சிக் கடைகள் சட்டப்படி திறக்கப்பட்டன, ஏழைத் தொழிலாளர்க்கு மலிவான இறைச்சி வேண்டும் என்பதோடு, கறிக்கு விலை கிடைக்குமானால் முதிய வண்டிக் குதிரைகளைச் சாகும்வரை வதைக்க மாட்டார்கள் என்பதும் அதை ஆதரித்தோரின் வாதமாக இருந்தது. பிரித்தானியரோ இன்றுவரை அதை அன்றாட உணவாக ஏற்கவில்லை. 2013-இல் மாட்டுக்கறி என்று விற்கப்பட்ட உணவுகளில் குதிரை இறைச்சி கலந்திருந்தது அயர்லாந்து ஆய்வில் வெளிப்பட்டபோது அங்கு எழுந்த சினம், அருவருப்பாலும் ஏமாற்றத்தாலும் ஒருசேர விளைந்தது; குதிரைகளுக்குக் கொடுக்கப்படும் ஃபினைல்பியூட்டசோன் என்னும் வலிநீக்கி மருந்து மனித உணவில் சேரலாகாது என்பதால் உடல்நல அச்சமும் உடன் சேர்ந்தது. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் பிடிபட்ட இறைச்சி நாய்க்கறி என்று பரவிய செய்தியும், அது ஆட்டிறைச்சியே என்று கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு காட்டியதும், தட்டில் இருப்பது எது என்ற ஐயம் இங்கும் எவ்வளவு விரைவாகப் பற்றிக்கொள்கிறது என்பதைக் காட்டின.

இந்தியாவில் சட்டமும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் உணவுக்காக வெட்டத்தக்கவை என்று ஆடு, மாடு, பன்றி, கோழி, முயல் முதலிய இனங்களைக் குறிப்பிடுகின்றன. குதிரையும் கழுதையும் அதில் இல்லை. இருந்தும் ஆந்திரத்தின் கடலோர மாவட்டங்களில் உடல்வலிமை தரும் என்ற நம்பிக்கையில் கழுதைக்கறி விற்கப்பட்டு, அதன்மேல் காவல்துறை நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டு வந்துள்ளன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கழுதைகள் சுமார் 1.2 இலட்சமாகவும், குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 3.4 இலட்சமாகவும் குறைந்துவிட்டன. ஏழு ஆண்டுகளில் கழுதைகள் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் அருகின. சாலையும் ஜீப்பும் வந்த இடத்தில் பொதிவிலங்குக்கு வேலை இல்லாமற் போவதே இதற்கு முதன்மைக் காரணம்.

உண்ணப்படாத விலங்குக்கு உழைப்பு முடிந்தபின் சந்தை விலை இல்லை. அதனாலேயே அது கைவிடப்படும் ஆபத்து மிகுகிறது. உதகைச் சாலைகளில் உரிமையாளரின்றித் திரிந்து, குப்பையில் உணவு தேடி, வண்டிகளில் மோதிச் சாகும் குதிரைகளைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. பொதிவிலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கும், கழுதையின் முதுகில் 50 கிலோவுக்கும் மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாக்குகிறது. கூலிக்குச் சாமான் ஏற்றிப் பிழைக்கும் ஒரு மலைக்கிராமத்தவரால், வருமானம் தராத முதிய குதிரைக்கு ஆண்டுக்கணக்கில் கொள்ளும் தவிடும் வாங்கிப் போட இயலாது. போடி மலையடிவாரத்திலும் நீலகிரியிலும் இத்தகைய விலங்குகளுக்கு ஊராட்சியும் கால்நடைத் துறையும் சேர்ந்து தீவனத்துக்கும் மருத்துவத்துக்கும் தொழுவத்துக்கும் வழிசெய்யாத வரையில், சட்டத்தின் சுமை முழுவதும் அந்த ஏழை உரிமையாளர் தலையிலேயே விழும்.