ஃப்ளோ மீட்டர் எழுதும் டைரி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் 'லாக் ஃபைல்' என்ற சொல்லை அடிக்கடி சந்திப்பீர்கள். எது, எப்போது நடந்தது என்று ஒரு சாதனம் தானாகவே எழுதி வைக்கும் டைரிதான் அது. தொழிற்சாலைக் குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் ஃப்ளோ மீட்டர்களிலும் இந்த வசதி உண்டு. அந்தப் பதிவுகளைப் படிக்கும் சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. மீட்டரில் இதை செட் செய்யும் முறையைத் தெரிந்து கொண்டால், உங்கள் கம்ப்யூட்டரின் லாக் ஃபைலும் எளிதில் புரியும்.

எதற்காக இந்தப் பதிவு?

எந்த இயந்திரமும் ஓடாத இரவு 2 மணிக்கு, மீட்டர் மணிக்கு 1,000 லிட்டர் என்று காட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். ஒரு நாளைக்கு 24,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு வீணாகிறது. மாத பில்லில் மொத்தச் செலவு மட்டுமே தெரியும். கசிவு எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது என்பதை லாக்தான் சொல்லும்.

முதலில் கடிகாரம்

மீட்டரின் தேதி, நேரத்தைச் சரி செய்த பிறகே மற்ற செட்டிங்ஸ். நேரம் தவறாக இருந்தால் பில் குறித்த தகராறில் அந்தப் பதிவை யாரும் ஏற்க மாட்டார்கள்.

எவ்வளவு இடைவெளி?

மெமரியில் 1,00,000 பதிவுகளுக்கு இடம் இருப்பதாகக் கொள்வோம்.

* 1 விநாடிக்கு ஒரு பதிவு: சுமார் 28 மணி நேரத்தில் நிரம்பிவிடும்.
* 1 நிமிடத்திற்கு ஒரு பதிவு: 69 நாட்கள்.
* 15 நிமிடத்திற்கு ஒரு பதிவு: 1,041 நாட்கள்.

இரவுக் கசிவைக் கண்டுபிடிக்க 15 நிமிடமே போதும். அந்த நேர ஓட்டத்தோடு டோட்டலைசர் எனப்படும் மொத்த அளவையும் பதியச் சொல்லுங்கள். இடையில் சில பதிவுகள் விடுபட்டாலும், முன்பின் மொத்தங்களைக் கழித்து எவ்வளவு தண்ணீர் போனது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அலாரம் செட் செய்தல்

வழக்கமான ஓட்டம் மணிக்கு 40 கன மீட்டர் என்றால், உயர் எல்லையை 50 என வைக்கலாம். இதை மட்டும் செய்தால் போதாது. ஓட்டம் 49.9க்கும் 50.1க்கும் இடையே ஊசலாடினால் நூற்றுக்கணக்கான அலாரங்கள் பதிவாகி, உண்மையான அலாரம் அவற்றில் தொலைந்துவிடும். எனவே இரண்டு செட்டிங்ஸ் தேவை. ஒன்று, தாமதம்: 10 விநாடி தொடர்ந்து எல்லை மீறினால் மட்டுமே அலாரம். மற்றொன்று, ஹிஸ்டெரிசிஸ்: ஓட்டம் 48க்குக் கீழே இறங்கினால்தான் அலாரம் விலகும். மின்காந்த வகை மீட்டர் என்றால் காலிக் குழாய் அலாரத்தையும் ஆன் செய்யுங்கள். குழாய் முழுவதும் நிரம்பாதபோது அதன் அளவு தவறாக இருக்கும்.

எக்ஸெலில் திறக்கும்போது

பதிவுகளைப் பெரும்பாலும் சிஎஸ்வி ஃபைலாக எடுக்கலாம். முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். 03/04 என்பதை எக்ஸெல் ஏப்ரல் 3 என்று எடுக்குமா, மார்ச் 4 என்று எடுக்குமா என்பது விண்டோஸ் ரீஜன் செட்டிங்கைப் பொறுத்தது. ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள் மட்டுமே உண்டு. விநாடிக்கு ஒரு பதிவு என்றால் 12 நாட்களில் தீர்ந்துவிடும்.

உங்கள் கம்ப்யூட்டரில்

மெமரி நிரம்பினால் பதிவதை நிறுத்துவதா, பழையதை அழித்து எழுதுவதா என்று மீட்டரில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். விண்டோஸிலும் இதே கேள்வி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பகுதியில் சிஸ்டம் மீது ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். பழையதை அழித்து எழுது, நிரம்பியதும் தனி ஃபைலாகச் சேமி, அழிக்காதே என மூன்று வாய்ப்புகள் கிடைக்கும். அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர் என்றால், பழைய பதிவுகள் அழியாதிருக்க இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். சர்வீஸ் செய்பவர் வந்ததும் எந்த நேரத்தில் பிரச்சினை வந்தது என்று காட்டிவிடலாம்.